எங்கள் ஆட்களை எரிப்பதில்லை

“உங்க அக்கா அறுத்துக் கட்டியாச்சா?”

டிரைவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான். சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில், திருவேங்கடம் போகிற பஸ்ஸின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தகர டின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஆவி சீறியது. அதற்குப் பயந்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியிருந்தார். அதனால் கேள்வி எனக்கா, எனக்குப் பின்னால் நிற்கிற வேறு யாருக்காவதா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். பருத்தி ஏற்றி வந்த வண்டிமாடு ஒன்றுதான் அங்கே அசைபோட்டுக்கொண்டு நின்றது.

எங்கள் ஆட்களிடம் புருஷன் செத்துப்போனால் பெண் தாலியை அறுத்துவிட்டு இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம். அதைத்தான் அறுத்துக் கட்டுவது என்போம். வழக்கம் இருக்கிறது என்பதற்காக, மஞ்சளும் பூவுமாக இருக்கிற ஒருத்தியின் தம்பியிடம், நடுச்சந்தையில், முன்பின் பேசிப் பழகாத ஒருவர் அதைக் கேட்டுவிட முடியாது. எனக்கு அப்போது மீசை அரும்பி, பருத்திக் கமிஷன் கடையில் எழுத்து வேலைக்குச் சேர்ந்த புதிது. கை ஓங்கியிருக்க வேண்டும். கேட்டவர் குரலில் கேலி இல்லை என்பதால் வாயோடு நிறுத்தினேன்.

“என்ன வே கேக்கீரு?”

“கோவப்படாதீரும் தம்பி. தாலியும் பூவுமா பஸ்ஸுல ஏறுதாகளே, அதான் கேட்டேன். உம்ம மச்சான் பேரை நான் பலகையில பாத்திருக்கேன்.”

“எந்தப் பலகையில?”

“இத்தாலியில,” என்றார் டிரைவர். ஏதோ கழுகுமலையில் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டின்னைக் கவிழ்த்து வைத்தார்.

மச்சான் என் அம்மாவின் அண்ணன் மகன். ஒரே ஊர், அடுத்தடுத்த வீடு. நாங்கள் ஆடு மேய்க்கிற குடும்பம். மழை பார்த்துக் கரிசலில் கொஞ்சம் விதைப்போம், மற்றபடி ஆடுகளைப் புஞ்சை புஞ்சையாகக் கொண்டுபோய் உரத்துக்குக் கிடை அமர்த்துவதுதான் பிழைப்பு. இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, மழை பொய்த்த ஒரு வருஷம் ஆடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கல்யாணம் முடிந்து முதல் ஆடித்தபசுக்கு அக்காவைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பிய கையோடு மச்சான் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பாலம் போடுகிற பட்டாளம் என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அரசாங்கத்திலிருந்து இரண்டு காகிதங்கள் வந்தன. ஆளைக் காணவில்லை என்றது முதல் காகிதம். இறந்துவிட்டார் என்றது இரண்டாவது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான்கு எழுத்துக் கற்று நான் வீட்டுக்கு வாசித்துச் சொன்ன முதல் இங்கிலீஷ் இந்தக் காகிதங்கள்தாம்.

இரண்டாவது காகிதத்தை வாசித்து முடித்ததும் மாமா, அதாவது மச்சானைப் பெற்றவர், என்னைக் கேட்டார்: “இதுல கையெழுத்துப் போட்டிருக்கானே, அவன் நம்ம பயலை நேருல பாத்தானா?”

“அது எப்படி மாமா தெரியும்?”

“அப்ப மடிச்சு வை.”

மாமாவின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு இதேபோல் காகிதம் வந்து, கருமாதியும் முடிந்து, பெண் தாலியறுத்து உட்கார்ந்த பிறகு, செத்தவன் தோளில் மூட்டையோடு வந்து இறங்கினான். அவன் மறுபடி தாலி கட்டவேண்டியதாயிற்று. அந்தக் கதை எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லாம் பரவிக் கிடந்தது. அதற்குப் பிறகு அரசாங்கக் காகிதத்தை நம்பி எவன் தாலி அறுப்பான்? அதனால் அக்கா மாமா வீட்டிலேயே இருந்தாள். பால் கறந்தாள், தயிர் கடைந்தாள், தயிர்ப்பானையோடு பஸ் ஏறிச் சங்கரன்கோவில் தெருக்களில் விற்றுவிட்டு வந்தாள். மாமா அவளை விடாமல் வைத்திருப்பது மகன்மேல் உள்ள நம்பிக்கையாலா, அவள் போய்விட்டால் ஆட்டையும் பாலையும் பார்க்க ஆள் இல்லை என்பதாலா என்று என் அய்யாவுக்குச் சந்தேகம். அய்யா மகளை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார், அதனால்தான் மச்சானைச் சாகடிக்கப் பார்க்கிறார் என்று மாமாவுக்குச் சந்தேகம். இருவரும் ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒரே பெட்டியிலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மட்டும் எதையும் சொன்னதில்லை. தயிர் விற்று முடிந்ததும் கோவிலுக்குள் போய்ப் புற்றுமண் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு வருவாள். புருஷன் உயிரோடு வர வேண்டும் என்று வேண்டினாளா, அல்லது இருக்கிறாரா இல்லையா என்று ஒன்று தெரிந்துவிட்டால் போதும் என்று வேண்டினாளா, எனக்குத் தெரியாது. இருக்கிற புருஷனுக்கு உரிய பெண்ணாகவும் இல்லாமல், செத்த புருஷனுக்கு அழுது முடித்த பெண்ணாகவும் இல்லாமல், ஒரு வீட்டின் நடைவாசலில் நிற்பவள்போல அவள் வருஷக்கணக்கில் நின்றாள்.

ஆகவே டிரைவர் சொன்னதை நான் உடனே வீட்டில் சொல்லவில்லை. முதலில் ஆளை எடைபோட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தினமும் கடைக்குப் போய்வர அதே பஸ்தான். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பேன். கண்டக்டர் என்னைக் கண்டதும், “ஏ, வக்கீல் வந்துட்டாரு வழிவிடுங்க. தம்பி, டிக்கெட்டை எடுத்துட்டு விசாரணையை ஆரம்பியும்” என்பார்.

டிரைவர் யுத்தத்தில் துப்பாக்கி தூக்கியவர் அல்லர், லாரி ஓட்டியவர். சண்டை ஓய்ந்த பிறகு ஊருக்கு அனுப்பாமல் ஒரு வெள்ளைக்கார ஆபீசரோடு சேர்த்துவிட்டார்களாம். அந்த ஆபீசரின் வேலை செத்தவர்களைத் தேடுவது. சண்டைக்கு நடுவே வழியோரத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் வாய்க்கால் கரையிலும் அவசரமாகப் புதைத்துவிட்டுப் போன சிப்பாய்களைத் தோண்டி எடுத்து, ஓரிடத்தில் வரிசையாக அடக்கி, ஆளுக்கொரு மரக்குறி நட்டு, யார் யார் என்று பதிய வேண்டும். அப்படி வேலை முடிந்த இடங்களைப் பார்க்க வெள்ளைக்காரத் தாய் தகப்பன்மார் வரத் தொடங்கினார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிக்காட்டுகிற வேலையும் இவர் தலையில் விழுந்தது. காலையில் மலையுச்சியில் இடிந்து கிடந்த மடம். அங்கிருந்து இறங்கினால் குண்டு விழுந்த குழியெல்லாம் குட்டையாகத் தேங்கி நிற்கும் சமவெளி. மத்தியானம் ஆற்றங்கரை. சாயங்காலம் கல்லறை.

“நம்ம ரூட்டு மாதிரிதான் தம்பி. ஸ்டாப்பு ஸ்டாப்பா நிறுத்தணும். இறங்குவாக, பாப்பாக, ஏறுவாக. ஒரு அம்மா மகனைப் புதைச்ச எடத்துக்குப் பக்கத்துலயே துணியை விரிச்சு ரொட்டியும் முட்டையும் தின்னா. மகனுக்கு ஒரு பங்கு எடுத்து வச்சுட்டுத்தான் தின்னா. அழவே மாட்டாக. திரும்பி வண்டியில ஏறி உக்காந்த பொறவுதான். வண்டி குலுங்குத குலுக்குல அழுதாகளா ஆடுதாகளான்னு தெரியாது.”

அந்த ஊர்ச் சிறுவர்கள் கல்லறை வாசலில் பழைய தோட்டாவும் பித்தளைப் பொத்தானும் விற்பார்களாம். உங்கள் மகன் நின்ற இடத்தில் எடுத்தது என்று சொல்லி விற்பார்கள். நல்ல தோட்டா தீர்ந்துபோனதும் புதிதாக அடித்துச் சாணிக்குழியில் புதைத்து வைத்துப் பழசாக்கி விற்றார்களாம். இதைச் சொல்லிவிட்டு டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யைச் சாணிக்குழியில் போட்டுப் பழசாக்குகிற வித்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், அதைக் கற்றுக்கொள்ளாமலா இருந்திருப்பார்?

ஆபீசர் லீவில் போனபோது பிரான்சுக்கும் வண்டி ஓட்டிப்போனதாகச் சொன்னார். அங்கே முந்தின யுத்தத்தில் செத்த நம் நாட்டு ஆட்களுக்காக வட்டமாக ஒரு மதில் கட்டி, கல்லில் பெயர் வெட்டி, இரண்டு கற்புலிகளையும் வைத்திருக்கிறார்களாம். “செதுக்கினவன் புலியையே பாத்திருக்க மாட்டான். நம்ம ஊரு கோம்பை நாய் கணக்கா உக்காந்திருக்கு. ஆனா பேரெல்லாம் சுத்தமா வெட்டியிருக்கான். அந்த மதிலைச் சுத்திப் பாக்க ஒரு நம்மாளு வரலை தம்பி. வெள்ளைக்காரன் வாரான், அவன் ஆளைப் பாத்துட்டுப் போறான். நம்மவுக பேரை மழைதான் வாசிக்குது.”

அந்த வாக்கியம் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே சந்தேகப்பட்டேன். பலதடவை சொல்லிப் பழகியதுபோல இருந்தது. அவர் சொன்ன ஆற்றின் பெயரைப் பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. ஆறு சின்னது, படத்தில் வராது என்றார். சின்ன ஆற்றுக்கு எதற்கு அவ்வளவு பெரிய பாலம் என்றேன். “மழை பெஞ்சா நம்ம ஓடை என்ன ஆட்டம் ஆடும்னு உமக்குத் தெரியாதா?” என்றார். எங்கள் ஊர்ப் பெயரை ஆபீசர் ஒருநாள் நாக்குச் சுழலாமல் வாசித்தபோதுதான் மச்சானின் விவரம் காதில் விழுந்தது என்றார். எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று எங்கள் தாசில்தாருக்கே தெரியாது. இத்தாலியில் எப்படி வாசித்தார்கள்? இந்த ரூட்டுக்கு வந்து வெகு நாளாகியும் ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்டேன். “பூவும் பொட்டுமா ஏறுதவுகளைப் பாத்தேன். சரி, அறுத்துக் கட்டி நல்லா இருக்காக, நாம எதுக்குக் கிளறணும்னு இருந்துட்டேன். அன்னைக்குக் கண்டக்டர்தான் இவுக இன்னும் புருஷனை எதிர்பாத்துக்கிட்டு இருக்காகன்னு சொன்னாரு. அது பொறுக்கலை.”

பொறுக்கவில்லை என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அய்யாவிடம் போனேன். அய்யா இரண்டே நாளில் ஆளைப் பற்றி விசாரித்து வந்துவிட்டார். திருவேங்கடத்துப் பக்கம், நம் ஆட்கள்தாம், முப்பது தாண்டியும் கல்யாணமாகவில்லை. “அப்படிப் போகுதா சங்கதி” என்றார் அய்யா. இருந்தாலும் ஆளை மாமா வீட்டுக்கு வரச் சொல்வது என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வந்தார். பட்டாளத்துப் பூட்ஸைத் துடைத்துப் போட்டிருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு நின்றது. “மடிப்பைப் பாத்தியா? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இருக்கு” என்று அய்யா என் காதில் சொன்னார். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் அக்கா மோர் கடைகிற மத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“எப்படிச் செத்தான்?” என்றார் மாமா. வாரும், இரும் என்று ஒரு வார்த்தை இல்லை.

“ஆத்துல பாலத்துக்குப் பலகை பாவும்போது குண்டு விழுந்திருக்கு பெரியவரே. கூட இருந்தவுகளும் போயிட்டாக.”

“எங்கன புதைச்சாக?”

“புதைக்கலை. ஆத்தங்கரையிலயே எல்லாரையும் சேத்து எரிச்சுட்டாக. எரிச்சவுக பேரையெல்லாம் ஒரு பலகையில எழுதி வச்சிருக்கு. பொறவு கல்லுல வெட்டப் போறதாச் சொன்னாக.”

மத்துச் சத்தம் நின்றது. மாமா மெல்லச் சிரித்தார்.

“எரிச்சாகளா? அப்ப அது என் மகன் இல்ல.”

இதை விளக்க வேண்டும். நாங்கள் செத்தவர்களை எரிப்பதில்லை, புதைப்போம். தலையைத் தெற்கே வைத்து, உறவு எல்லாம் ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டு மூடுவோம். ஆடு மேய்த்தவன் மண்ணுக்குள் போக வேண்டும், அவன் மேல் புல் முளைக்க வேண்டும், அதை ஆடு மேய வேண்டும் என்பார் மாமா. எங்கள் ஊரில் நினைவு தெரிந்து ஒருவரைக்கூட எரித்ததில்லை.

“பெரியவரே, அங்கன இந்துன்னா எரிப்பு, துலுக்கருன்னா புதைப்பு. அதுக்கு மேல அவுகளுக்குப் பிரிச்சுத் தெரியாது.”

“ஏன் தெரியாது? பட்டாளத்துல சேரும்போது சாதி கேட்டு எழுதுதான்லா? எழுதினவனுக்கு அது புதைக்கிற சாதியா, எரிக்கிற சாதியான்னு தெரியாதா? எரிச்சது வேற எவனையோ. பேரைக் கொண்டாந்து என் மகன் தலையில கட்டிட்டாக. எரிக்கும்போது நீரு பாத்தீரா?”

“இல்ல. நான் போனது எல்லாம் முடிஞ்ச பொறவு.”

“பாக்காதவன் எழுதின காயிதம் ஒண்ணு வீட்டுக்குள்ள இருக்கு. இப்ப பாக்காதவன் வாயி ஒண்ணு வாசல்ல வந்து நிக்கி. போயிட்டு வாரும்.”

டிரைவர் போய்விட்டார். அன்று அவர் சொன்னதை நம்புகிறவர் எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவர்கூட இல்லை. அய்யாகூட நம்பவில்லை. மகள் விடுபட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்தான். ஆனாலும் எரித்தார்கள் என்பது அவருக்கும் தொண்டையில் சிக்கியது.

கொஞ்ச நாள் கழித்து டிரைவர் தாமாகவே மறுபடி வந்தார். இந்தத் தடவை சட்டையில் மடிப்பு இல்லை. நின்றபடியே, மனப்பாடம் செய்த பையன் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: “நல்லா யோசிச்சுப் பாத்தேன் பெரியவரே. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். எரிச்சது வேற பட்டாளத்து ஆளுக. உங்க மகனைத் தனியாத்தான் புதைச்சிருக்கு. அங்கன ஒரு மரம் உண்டு, இலை வெள்ளி மாதிரி மினுங்கும். அந்த மரத்தடியில. தலை தெக்க வச்சு.”

மாமாவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். அந்த மனிதர் எதற்கும் கலங்கி நான் கண்டதில்லை. தலைத்துண்டை அவிழ்த்தார். அதை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நிலைப்படிக்குப் பின்னால் அக்காவின் சேலை முந்தி தெரிந்தது, அசையவில்லை. அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். மறுநாளே கருமாதிக்கு நாள் பார்த்திருப்பார்கள்.

நான் கேட்டேன்: “புதைச்ச பொறவு போன ஆளு நீரு. தலை எந்தப் பக்கம் இருக்குன்னு உமக்கு எப்படித் தெரியும்?”

டிரைவர் பூட்ஸ் நுனியால் ஆட்டுப் புழுக்கை ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்திலிருந்து துண்டு இறங்கியது. கண் ஈரமாகவே இருந்தது. ஆனால் குரல் காய்ந்துவிட்டது.

“ஏலே, எம்மவன் ரெண்டு தடவை செத்திருக்கான் பாருங்கலே. ஒரு தடவை எரிஞ்சு, ஒரு தடவை புதைஞ்சு. மூணாவது தடவைக்கு எப்ப வே வருவீரு? கிடை ஆட்டைப் பாக்க வந்த நரி மாதிரி வாசலையே சுத்துதீரு?”

அந்தக் கேள்வியை நான் கேட்டது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு பொய்யின் மேல் அக்காவின் தாலியை இறக்கி வைக்க முடியாது. பிறகு அந்தப் பொய் ஒருநாள் சரிந்தால், எரிந்தவனும் இல்லாமல் புதைந்தவனும் இல்லாமல் மச்சான் மறுபடி நடந்து வரத் தொடங்கியிருப்பார்.

ஒரு வாரம்போல் கழிந்திருக்கும். காலை பஸ். அக்கா தயிர்ப்பானையோடு ஏறினாள். வழக்கமாகப் பின்னால் பெண்களோடு போய் உட்காருகிறவள், அன்று பானையை என் மடியில் வைத்துவிட்டு டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்.”

அண்ணாச்சி என்று அவள் கூப்பிட்டதை பஸ்ஸில் எல்லோரும் கேட்டார்கள். அந்தச் சொல்லால் அவள் ஒரு வேலி நட்டாள் என்று எனக்குப் பட்டது. ஆனால் எங்கள் பக்கம் யாரும் யாரையும் அண்ணாச்சி என்பார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது.

“கேளும்மா.”

“நீங்க நம்ம ஆளுதான?”

“ஆமா.”

“நம்ம ஆளுகளைப் புதைக்கத்தான் செய்வாகன்னு தெரியும்லா?”

“தெரியாம என்னம்மா? எங்க அய்யாவை நான்தானே புதைச்சேன்.”

“எங்க வீட்டுக்கு மொத தடவை வரும்போதும் அது தெரியும்?”

“தெரியும்.”

“எரிச்சாகன்னு சொன்னா எங்க மாமா ஒத்துக்கிட மாட்டாகன்னு?”

“அதுவும் தெரியும்.”

“பொறவு ஏன் சொன்னீக?”

“நடந்தது அதானம்மா.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அக்கா கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “கேட்டியாலே? பொய் சொல்ல வந்தவுகன்னா மொதத் தடவையே புதைச்சாகன்னு சொல்லியிருப்பாக. தலை தெக்கன்னு அன்னைக்கே சொல்லியிருப்பாக. வழக்கம் தெரிஞ்ச ஆளு, நம்ப மாட்டாகன்னு தெரிஞ்சும் எரிச்சாகன்னு சொன்னா, எரிச்சதுதான்.”

ஓட்டை இருக்கிறதா என்று அந்தப் பேச்சைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. எங்கள் குடும்பத்தின் சந்தேகம் எல்லாம் ஒன்றுசேர்ந்து அவளிடம் உருப்படியான ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

அவள் மறுபடி டிரைவரிடம் கேட்டாள்: “அப்ப ரெண்டாந்தடவை வந்தது எதுக்கு?”

“பெரியவரு மனசு ஆறட்டும்னுதான். நீங்களும் எத்தனை காலம்...”

“அதுக்கு மட்டுந்தானா?”

டிரைவர் ஹாரனை அழுத்தினார். சாலையில் ஓர் ஆடுகூட இல்லை. கண்டக்டர்தான் கடைசியில், “தயிர்க்காரம்மா, டிரைவரோட பேசக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. பின்னால போயி உக்காருங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா பானையை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். அன்றும் சங்கரன்கோவிலில் உழக்குக்கு உழக்கு வாதாடித் தயிர் விற்றாள். திரும்பும்போது பூ மட்டும் வாங்கவில்லை.

இப்போது அந்த ரூட்டில் புது பஸ் ஓடுகிறது. டிரைவர் ராஜபாளையத்துப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று கண்டக்டர் சொன்னார். ஒருநாள் தாம்பாளத்தோடு பெண் கேட்டு வருவார் என்று எங்கள் வீட்டில் வெகு காலம் எதிர்பார்த்தோம். வரவே இல்லை. “வராததுதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு” என்பார் அய்யா. வேறு இரண்டு இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள், அக்கா தலையாட்டவில்லை. எந்தப் புஞ்சையில் கிடை அமர்த்துவது என்பதை இப்போது அவள்தான் சொல்கிறாள், மாமா தலையாட்டுகிறார். கடையில் பத்திரிகை பார்க்கும்போது, சீமையில் யாரோ பெரிய மனிதர் ஒரு கல்லறைக்கு மாலை வைக்கிற படம் சில சமயம் வரும். பின்னால் தெரிகிற மதிலில் எழுத்துகள் இருக்கின்றனவா என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பேன். என்றாவது கப்பல் ஏறி அந்த ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. அந்தப் பலகை கல்லாகிவிட்டதா, அதில் மச்சான் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் என் புத்தி எனக்குத் தெரியும். முதலில் அந்த எழுத்து புதிதா பழசா என்று நகத்தால் சுரண்டித்தான் பார்ப்பேன்.

ஆனால் சொல்லி முடிக்க வேண்டியது, பஸ்ஸில் பேசிய மறுவாரம் அக்கா செய்த காரியத்தை. மாமாவிடம் போய் நின்று, “அங்கன எரிச்சுட்டாக. தெரியாம செஞ்சுட்டாக, போகட்டும். இங்கன நாம புதைக்கணும்லா?” என்று கேட்டாள். உடம்பு இல்லாமல் எதைப் புதைப்பது என்றார் மாமா. அக்கா உள்ளே போய், மச்சான் மேய்ச்சலுக்குப் போர்த்திக்கொண்டு போகிற கம்பளியை எடுத்து வந்தாள். பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்பதால், முந்தின வாரம் கிடை அமர்த்தி எழுப்பிய புஞ்சையிலேயே குழி வெட்டச் சொன்னாள். அய்யாவும் நானும் வெட்டினோம். மேலே புழுக்கை கலந்த மண். கீழே போகப் போகக் கறுத்து ஈரமாக வந்தது. கம்பளியை ஆள் நீளத்துக்கு மடித்து, தலைப்பக்கம் தெற்கே வரும்படி வைத்தோம். தாலியை அறுக்க மூத்த பெண் ஒருத்தியைக் கூப்பிட வேண்டும் என்றார்கள். அக்கா காத்திருக்கவில்லை. தானே கழற்றிக் குனிந்து கம்பளியின் நெஞ்சுப்பக்கம் வைத்தாள். அப்போதுதான் அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு அழுது நான் கேட்டது அதுவே முதல் தடவை.

பெற்றவர் முதல் மண் போட வேண்டும். மாமா குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினார். போடவில்லை. கையை மூடிக்கொண்டு குழியின் ஓரத்தில் நின்றார். நாங்கள் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஆடுகள் கத்தின.

“எனக்கு இன்னும் சந்தேகமாத்தான் இருக்கு மக்கா,” என்றார் மாமா.

“இருக்கட்டும் மாமா,” என்றாள் அக்கா. “சந்தேகத்தோடயே போடுங்க.”

மாமா கையை விரித்தார். வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்ததால் மண் உதிரவில்லை. ஐந்து விரலும் பதிந்த ஒரு கட்டியாக விழுந்தது.